சட்டசபைக் கேள்வியும் ஓர் அடிபம்பும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எல்லாத் தபாலும் ஒரே தபால் இல்லை. மேலதிகாரியிடமிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தால், இன்னொன்று வரட்டும் என்று எடுத்து வைப்போம். பொதுமக்கள் மனு வந்தால், மன்னிக்க வேண்டும், அது பதிவேட்டில் ஏறி, 'தகுந்த நடவடிக்கைக்காக' என்ற குறிப்போடு கீழே இறங்கி, இறங்கிய இடத்திலேயே படுத்துக்கொள்ளும். ஆனால் உறையின் மேல் சிவப்பு மையில் 'எல்.ஏ.க்யூ.' என்று எழுதிய தபால் வந்துவிட்டால், டீக்கடைக்குப் போனவர்களையும் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சபையில் கேள்வி கேட்டிருக்கிறார், பதில் உடனே வேண்டும் என்று அர்த்தம்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில், அப்படி ஒரு தபால் என் மேசைக்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட ஒன்றியத்தில் அடிபம்புகள் எத்தனை, அவற்றில் வேலை செய்யாதவை எத்தனை, எந்தத் தேதியிலிருந்து வேலை செய்யவில்லை, எப்போது சரி செய்யப்படும் என்று அ, ஆ, இ, ஈ போட்டு நான்கு பிரிவு. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் அடிபம்பை எண்ணிக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். மாநிலத்தின் தலையெழுத்தைப் பேச வேண்டிய இடம் இல்லையா அது? அந்த வயதில் எனக்கு எல்லாமே பெரிய விஷயமாக இருக்க வேண்டும். பதிவேட்டை எடுத்தேன், கூட்டினேன், முத்து முத்தான கையெழுத்தில் வரைவுப் பதிலை எழுதி சூப்பிரண்டெண்டு மேசையில் வைத்தேன். பழுதானவை மிகச் சில என்று பதிவேடு சொன்னது. நானும் அதையே சொன்னேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, பதிவேடு சொல்றதை நீ எழுதிட்டே. நீ எழுதினதை அமைச்சர் சபையில படிப்பாரு. உடனே அந்த எம்.எல்.ஏ. எழுந்திருச்சு, 'போன வாரம் நான் அந்த ஊர்லதான் இருந்தேன், பம்புல தண்ணி வரலையே'ன்னு கேட்டா, அமைச்சர் யாரைத் திரும்பிப் பாப்பாரு?"

அமைச்சர் செயலாளரைப் பார்ப்பார், செயலாளர் இயக்குநரைப் பார்ப்பார், அந்தப் பார்வை படிப்படியாக இறங்கி எங்கே வந்து நிற்கும் என்பது எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் ஜீப்பில் கிளம்பினோம். கூட ஒரு பிட்டர், ஒரு சாக்கு நிறைய செயின், வாஷர், போல்ட்டு.

பதிவேட்டுக்கும் ஊருக்கும் இருந்த தூரத்தை அன்றுதான் பார்த்தேன். ஒரு பம்பு பதிவேட்டில் ஓடிக்கொண்டிருந்தது, ஊரில் அதன் கைப்பிடியே இல்லை. இன்னொன்றில் ஆடு கட்டியிருந்தார்கள். ஒரு காலனியில் பம்பு நின்று எத்தனை காலம் ஆயிற்று என்று கேட்டேன். ஒரு பாட்டி, "என் பேத்தி தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்த பேத்தியைக் காட்டினாள். கேள்வியின் மூன்றாவது பிரிவுக்கு என்னால் எழுத முடியாத பதில் அது. பிட்டர் இருட்டும்வரை வேலை செய்தார். முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு தெளிந்தது. பாட்டி ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, "நல்லா இருப்பே சாமி" என்றாள். மோரையும் குடித்தேன், வாழ்த்தையும் வாங்கிக்கொண்டேன். இரண்டும் கோட்டையில் அடிபம்பு எண்ணிய அந்த மனிதருக்குச் சேர வேண்டியவை. அவர் பெயரே அவளுக்குத் தெரியாது.

கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? அந்தக் கேள்வி சபையில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. அன்றைய கேள்வி நேரமான ஒரு மணி நேரம் முந்தைய கேள்விகளிலேயே தீர்ந்துவிட்டது. எங்கள் பதில் பேரவையின் மேசையில் வைக்கப்பட்டது, அவ்வளவுதான். எவரும் வாசித்திருப்பார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஆனால் பம்பில் தண்ணீர் வந்தது. சபையில் ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைவிட, அந்தப் பதிலைத் தயாரிக்கும் அவசரத்தில் கீழே நடக்கும் வேலைதான் பெரிது என்பது பணியில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த உண்மை. பீரோவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்ட மாதிரி, எத்தனையோ நாளாகத் தேடாமல் விட்டதெல்லாம் வெளியே வரும்.

அதற்காக எங்களை அப்பாவிகள் என்று நினைக்க வேண்டாம். பதில் எழுதுவது ஒரு கலை. என் சூப்பிரண்டெண்டு அதில் மன்னர். "கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததைச் சொல்லாதே" என்பது அவர் சொன்ன முதல் பாடம். 'ஆவன செய்யப்படும்', 'அரசின் பரிசீலனையில் உள்ளது', 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று அலமாரி நிறைய வாக்கியங்கள் இருந்தன. முதல் பிரிவுக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டால் மற்றப் பிரிவுகளுக்கெல்லாம் 'எழவில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். இந்த வித்தை கைவந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கொஞ்ச நாளில் கேள்வியைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன், இது நம்மைத் தூங்க விடாத கேள்வியா, தாலாட்டும் கேள்வியா என்று. 'இந்தத் தொகுதியின் வளர்ச்சிக்கு அரசு நடவடிக்கை எடுக்குமா?' என்று கேட்கிற உறுப்பினர் மேசையைத் தட்டிப் பேசுவார், கைதட்டல் வாங்குவார், எங்களுக்குச் செல்லப்பிள்ளை. தேதியும் ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும் கேட்கிறவர் மெல்லிய குரலில் பேசுகிற ஆளாக இருந்தாலும், ஜீப்பை எடுக்க வைத்துவிடுவார்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் பயம் இரட்டிப்பு. அதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், அதைத் தொடர்ந்து துணைக் கேள்விகள் வரும். முதல் கேள்விக்கு நாங்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிடலாம். துணைக் கேள்விக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இரண்டு வரிப் பதிலோடு, என்னென்ன கேட்கக்கூடும் என்று நாங்களே யோசித்து எழுதிய துணைக் குறிப்பு ஒரு கத்தையாகப் போகும். நம்மை எப்படி மடக்கலாம் என்று நாமே உட்கார்ந்து யோசிப்பது நல்ல பயிற்சி. என் செக்‌ஷனில் இருந்த குறைகளை நான் தெரிந்துகொண்டதே அந்தக் குறிப்புகளை எழுதித்தான்.

டெல்லியில் மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்டவை 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் குறியிடாதவை 230. குலுக்கலில்தான் முறை கிடைக்கும். பதினைந்து நாளாவது முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த 20இல் ஒரு மணி நேரத்துக்குள் நாலைந்து கேள்விகள் வாய்மொழியாக முடிந்தாலே நல்ல நாள் என்பார்கள். கூச்சலில் அதுவும் போய்விடுவது உண்டு. எந்தக் கட்சி எதிர்க்கட்சியாக இருந்தாலும் கேள்வி நேரத்தில் ரகளை செய்து சபையை ஒத்திவைக்க வைப்பது எனக்குப் பிடிப்பதில்லை. கோட்டையிலும் டெல்லியிலும் கோப்பைக் கட்டிக்கொண்டு நடுங்கி உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு, சபை ஒத்திவைக்கப்பட்டது என்ற செய்தியைவிட இனிப்பான செய்தி வேறு இல்லை. நான் நடுங்கியவன், அதனால் சொல்கிறேன்.

இந்த உரிமை லேசில் வந்ததும் அல்ல. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டசபையில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்திய உறுப்பினர் அரசை எதுவும் கேட்க முடியாது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும், துணைக் கேள்வி 1909இல்தான் வந்தது. அதுவும் முதலில் கேட்டவருக்கு மட்டும். 1893 பிப்ரவரியில் முதல் கேள்வியைக் கேட்டவர் பிங்கா மகாராஜா. என்ன கேட்டார் தெரியுமா? முகாம் போகிற அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்துக் கொடுத்துக் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் பாட்டைப் பற்றி! சாம்ராஜ்யத்தின் சபையில் எழுந்த முதல் கேள்வியே மளிகைக் கடைக் கேள்விதான் என்று படித்தபோது, அடிபம்பு எண்ணிய எம்.எல்.ஏ.வைப் பார்த்துச் சிரித்த பையனை நினைத்துக்கொண்டேன். கேம்ப் போகிற இடத்தில் கோழி அடித்துச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காத அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன், மகாராஜா கேட்டுத் தொண்ணூறு ஆண்டு ஆன பிறகும்.

பெரிய விஷயங்களும் இந்தச் சின்ன வாசல் வழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்து ஓராண்டு ஆவதற்குள், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. 1957இல் மக்களவையில் அதைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. பதில்கள் வழுக்கின. அந்தக் காலத்துக் கோப்பின் முன் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்து எவ்வளவு யோசித்து வழுக்கியிருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரோஸ் காந்தி விடவில்லை. இத்தனைக்கும் அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். டிசம்பரில் ஆதாரங்களை அடுக்கிப் பேசினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா மக்கள் முன்னிலையில் வெளிப்படையாக விசாரித்தார். செயலாளர் செய்ததற்கும் அமைச்சரே பொறுப்பு என்றார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் ஊர்க்காரர், திறமைசாலி என்று பெயர் எடுத்தவர், பதவி விலகினார். பின்னால் 1963இல் மறுபடியும் நிதியமைச்சர் ஆனார், அது வேறு. எனக்கு இதில் பிடித்தது, சொந்தக் கட்சி அரசைச் சொந்தக் கட்சிக்காரரே கேட்டார் என்பது. இன்று அப்படி ஒருவரைக் காட்டுங்கள், பார்ப்போம்.

இந்த உரிமையை விற்றவர்களும் உண்டு. கேள்வி கேட்பதற்குப் பணம் வாங்கியது கேமராவில் பதிவாகி, 2005 டிசம்பரில் பதினொரு எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். கேள்விக்கு விலை இருந்தது என்றால் அதற்குப் பலமும் இருந்தது என்றுதானே பொருள்? பயனில்லாததை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

என் பழைய நண்பனான 'எழவில்லை'யை 2020இல் மறுபடி சந்தித்தேன். கொரோனாக் காலம். செப்டம்பரில் கூடிய நாடாளுமன்றத்தில் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப் பதில் மட்டும் உண்டு என்றார்கள். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா என்று கேட்டதற்குத் தொழிலாளர் அமைச்சகம், அப்படிப்பட்ட விவரம் எதுவும் பராமரிக்கப்படவில்லை, ஆகவே இழப்பீட்டுக் கேள்வி எழவில்லை என்றது. ஒரு காலத்தில் நான் பெருமைப்பட்ட அதே உத்தி. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன், அன்று காபி இறங்கவில்லை. அதே வாரத்தில் மாநிலங்களவையில் வேறொரு கேள்விக்கு ரயில்வே அமைச்சர், அந்தத் தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச் சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக எழுத்தில் பதில் தந்தார். விவரமே இல்லை என்ற அரசிடம்தான் இந்த 97 இருந்தது. எத்தனை தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற பரந்த கேள்விக்கு வராத பதில், இந்த ரயிலில் எத்தனை பேர் என்றதும் வந்துவிட்டது. அடிபம்பு எம்.எல்.ஏ.வுக்கு இது அப்போதே தெரிந்திருந்தது.

சபைக்கு வெளியே நாமே கேட்பதற்கான தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. எம்.எல்.ஏ.வையும் தெருவில் போகிறவரையும் ஒரே படியில் நிற்க வைத்த வரி. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. கோப்போடு காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தப்பு. அந்த வரி இல்லாத இடத்தில், சபையில் நமக்காகக் கேட்கிறவரின் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

ஒரு சின்ன செய்தி, பலருக்குத் தெரியாதது. அமைச்சர் சபையில் 'செய்கிறேன்' என்று சொன்னால் அது காற்றோடு போவதில்லை. அதைக் குறித்து வைத்துத் துரத்துவதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு ஒன்று இருக்கிறது. மக்களவையில் 1953 முதல் இருக்கிறது. நம் பேரவையிலும் உண்டு, மாவட்டம் மாவட்டமாக வந்து பார்ப்பார்கள். அவர்கள் வருகிறார்கள் என்றால் எங்கள் அலுவலகத்தில் வெள்ளையடிப்பு நடக்கும். வெள்ளையடிப்போடு சில வேலைகளும் நடக்கும், அதை மறுக்க மாட்டேன்.

நம் சட்டப்பேரவையின் கேள்வி நேரம் 2022 ஜனவரியில் நேரலையாக வரத் தொடங்கியது. மக்களவைக் கேள்விகளும் பதில்களும் இணையத்தில் எவரும் படிக்கும்படி இருக்கின்றன. உங்கள் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடினால், இத்தனை ஆண்டில் என்ன கேட்டார் என்பது வந்துவிடும். கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தால் கும்பிடு போடுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படியே, "ஐயா, போன கூட்டத்தொடரில் நம்ம ஊருக்காக என்ன கேள்வி கேட்டீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கேட்கவில்லை என்றால், நின்றுபோன பம்பு, கட்டி முடியாத பாலம், பூட்டிக் கிடக்கும் துணை சுகாதார நிலையம் என்று உங்களுக்குத் தெரிந்ததை ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். மிச்சத்தை யூனியன் ஆபீசில் இருக்கும் இளநிலை உதவியாளர் பார்த்துக்கொள்வார்.