நடைக்கு என்ன கூலி?

தினம் நான்கு கிலோமீட்டர் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். உடனே என் பிள்ளை ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டான். அதற்கு மணி காட்டுவது உபதொழில்தான். நான் வைக்கும் அடிகளை எண்ணி, இத்தனை கலோரி செலவாயிற்று என்று சொல்வதே அதன் முக்கிய உத்தியோகம்.

நடைக்கு ஆகும் சக்தியை அளக்க வழி உண்டு. 1911-ல் டக்ளஸ் என்ற ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி ஒரு பையை வைத்து அளந்தார். நடப்பவர் முதுகில் அந்தப் பையைக் கட்டி, அவர் விடும் மூச்சையெல்லாம் அதில் பிடித்து, எவ்வளவு பிராணவாயு செலவாயிற்று என்று பார்ப்பது அந்த முறை. ஒரு லிட்டர் பிராணவாயு செலவானால் சுமார் 5 கலோரி என்று கணக்கு. என் கடிகாரம் மூச்சைப் பிடிப்பதில்லை. எடையையும் அடியையும் வைத்து உத்தேசமாகச் சொல்கிறது. எழுபது கிலோ ஆசாமியான நான் சமதரையில் நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஏறக்குறைய 200 கலோரி. திரும்பும் வழியில் ஹோட்டலில் இரண்டு வடையும் ஒரு காப்பியும் சாப்பிட்டால், போன முதல் வட்டியோடு வந்துவிடும்!

அன்று காலை வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஐயா, கூடையை இறக்க ஒரு கை கொடுங்க" என்றாள் கீரைக்காரி. கை கொடுத்தேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இருபது கிலோவுக்குக் குறையாது. ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் அதைச் சுமந்து வந்திருக்கிறாள்.

"அதிலே என்னங்கய்யா பார்க்கிறீங்க?"

"நான் நடந்ததுக்குக் கணக்கு, அம்மா."

"நடந்ததுக்கா? யாரு காசு கொடுக்கிறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

கென்யாவில் தலையிலும் நெற்றிப் பட்டையிலும் பாரம் சுமக்கும் பெண்களைச் சோதித்து, 1986-ல் சில விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தை வெளியிட்டார்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தாலும், வெறுங்கையோடு நடப்பதைவிட அவர்களுக்கு அதிகச் சக்தி செலவாகவில்லையாம். அதற்கு மேல் ஏறும் பாரத்துக்குத்தான் உடம்பு விலை கொடுக்கிறதாம். எங்கள் கீரைக்காரி ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். அப்படியானால் அந்த இலவசம் பத்து கிலோவோடு தீர்ந்துவிடும். மீதிப் பத்து கிலோவுக்கு அவள் எந்த ஹோட்டலில் வடை தின்பாள்? இருபது ரூபாய்க் கட்டைப் பதினைந்துக்குக் கேட்டே பழகியவன் நான். நான் குறைத்த அந்த ஐந்து ரூபாய் எதிலிருந்து குறைந்தது என்று அன்றுதான் புரிந்தது.

சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கூடையைத் தூக்கி ஏற்றிவிட்டேன். கடிகாரம் அதற்கு ஓர் அடிகூட வரவு வைக்கவில்லை.

"பதினைந்துக்குத் தருவாளே, இருபதா கொடுத்தீர்கள்?" என்றாள் என் மனைவி.

"கீரை பதினைந்துதான். மீதி நடைக்கூலி" என்றேன்.