சந்தேஷ்னா ஸ்வீட் மட்டுமில்லீங்க

சத்யஜித் ரேன்னா நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? 'பதேர் பாஞ்சாலி', கறுப்பு வெள்ளை, வறுமை, ஆஸ்கர். இன்ஜினியரிங் ஹாஸ்டல்ல ஏதாவது ஒரு உலக சினிமா பைத்தியம் லேப்டாப்புல போட்டுக் காட்ட, பாதியிலேயே தூங்கிப் போயிருப்போம் :-)

நான் சொல்ல வந்தது அந்த ரே பத்தி இல்ல. குழந்தைகளுக்குக் கதை எழுதின ரே.

அவங்க தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல 'சந்தேஷ்'னு ஒரு சிறுவர் பத்திரிகை ஆரம்பிச்சார். வங்காளத்துல சந்தேஷ்னா இனிப்பு, செய்தி ரெண்டும்தான். தாத்தாவுக்கு அப்புறம் அப்பா சுகுமார் ரே நடத்தினார். 1923-ல அவரும் போயிட்டார். அப்ப சத்யஜித்துக்கு ரெண்டு வயசு. பத்திரிகையும் பின்னாடியே நின்னுபோச்சு.

பையன் வளர்ந்து 1943-ல விளம்பரக் கம்பெனியில ஓவியரா சேர்ந்தார் (நம்மள மாதிரி மாசச் சம்பளம்தான்). அந்தக் காலத்துலதான் 'பதேர் பாஞ்சாலி' நாவலோட சுருக்கப்பட்ட சிறுவர் பதிப்புக்குப் படம் வரையுற வேலை வந்தது. வரையும்போதுதான் இதைப் படமா எடுக்கலாமேன்னு மண்டைக்குள்ள பூச்சி பறந்திருக்கு. 1955-ல படம் வந்தது. உலகமே கொண்டாடின அந்தப் படம் முளைச்சதே ஒரு சிறுவர் புத்தகத்துலதான்!

1961-ல ரேக்கு நாப்பது வயசு, உலகப் புகழ் வந்தாச்சு. அப்பதான் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோட சேர்ந்து தாத்தாவோட சந்தேஷை மறுபடி ஆரம்பிச்சார். பக்கத்தை யார் நிரப்புறது? அவரே எழுத உக்காந்தார். விஞ்ஞானி பேராசிரியர் ஷோங்கு அந்த வருஷமே வந்தாச்சு. 1965-ல துப்பறியும் ஃபெலூடா. ('டா'ன்னதும் அடிக்க வராதீங்க, அங்க அது அண்ணன்னு அர்த்தம்.) படமும் அவரே வரைஞ்சார். 1983-ல மாரடைப்பு வந்து சில வருஷம் படமே எடுக்க முடியாதப்பவும் எழுத்து நிக்கல.

எனக்குப் பிடிச்சது என்னன்னா, குழந்தைக்குத்தானேன்னு அவர் எதையும் நீர்க்க விடல. 'தங்கக் கோட்டை'யில ஜடாயுங்கற சாகசக் கதை எழுத்தாளர் வருவார். ஒட்டகம் வயித்துல தண்ணி சேத்து வெச்சுக்கும்னு கதையில எழுதிருப்பார். ஃபெலூடா அப்படியில்லைங்க, திமில்ல இருக்குறது கொழுப்புன்னு திருத்துவார். சிரிப்பும் வரும், அறிவியலும் உள்ள போயிரும். நம்ம ஊர்ல நீதி சொல்லாம ஒரு சிறுவர் கதையை முடிக்க எத்தனை பேருக்கு மனசு வருது?

இப்ப இது எதுக்குன்னா, பாலக்கோட்டுல எங்க அக்கா பையன். ஒன்பது வயசு, இங்கிலீஷ் மீடியம். தமிழ எழுத்துக்கூட்டிதான் படிப்பான். அக்காவுக்கு அது ரொம்ப மனக்கஷ்டம். வீட்ல ஒரு தமிழ் புக்கைத் தொடமாட்டேங்கறான்னு போன்லயே அழுதுட்டா. நான் படிச்சு வளர்ந்த அம்புலிமாமாவும் இப்ப வர்றதில்ல.

ஃபெலூடா கதைகள் வீ.பா.கணேசன் மொழிபெயர்ப்புல பாரதி புத்தகாலயம் வெளியீடா தமிழ்ல கிடைக்குது. 'தங்கக் கோட்டை' வாங்கிட்டு பெங்களூர்ல இருந்து சனிக்கிழமை பஸ் ஏறினேன். ராத்திரி வாசிச்சுக் காட்டி, சரியா விறுவிறுப்பான இடத்துல "தூக்கம் வருதுடா"ன்னு மூடி வெச்சுட்டேன். (பழைய தொடர்கதை டெக்னிக்.)

காலைல அக்கா கூப்பிட்டு சைகை காட்டுறா. வாசப்படில உக்காந்து ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சு படிச்சுட்டு இருக்கான். நாலு பக்கம் தாண்டிட்டான். நாங்க ரெண்டு பேரும் மூச்சுவிடாம நின்னோம்.

கதை முடிஞ்சதும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு கேட்டான்:

"மாமா, இந்த ரே சினிமால்லாம் கூட எடுப்பாரா?"