தொலைந்துபோக ஒரு காடு

தொலைந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆனது. அதை ஒப்புக்கொள்ள மேலும் பத்து நிமிடம். கையில் வரைபடம் இருந்தது. கட்டைவிரலில் மாட்டிய காம்பஸ் இருந்தது. சுற்றிலும் பைன் மரங்கள், பாசி படர்ந்த பாறைகள். வரைபடத்தில் ஒரு பாறை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணெதிரே ஒன்பது இருந்தன. செல்போனைக் கூடாரத்திலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தான் தம்பி. வழி கேட்க ஒரு டீக்கடை இல்லை, ஆட்டோ ஸ்டாண்ட் இல்லை.

2024 ஜூலை. ஸ்வீடனின் தென்கிழக்குக் கடற்கரையில் ஆஸ்கர்ஷாம்ன் என்ற சிறிய ஊர். அந்த ஆண்டின் 'ஓ-ரிங்கன்' போட்டியின் இரண்டாம் நாள். ஓரியன்டியரிங் என்ற விளையாட்டின் பெரிய திருவிழா இது. 1965இல் தெற்கு ஸ்வீடனில் சுமார் 150 பேருடன் தொடங்கியது. 1985இல் ஃபாலுன் நகரில் நடந்தபோது 25,000 பேர் ஓடினார்கள். ஒவ்வொரு கோடையிலும் வேறு வேறு ஊரில், ஐந்து கட்டங்களாக நடக்கிறது. ஊருக்கு வெளியே கூடாரங்களாலேயே ஒரு நகரம் முளைத்துவிடுகிறது. பத்து வயதுக் குழந்தைகளுக்கும் பிரிவு உண்டு, தொண்ணூறைத் தாண்டியவர்களுக்கும் உண்டு. என்னைப்போல் ஒன்றும் தெரியாதவர்கள் பெயர் கொடுத்துவிட்டு நடக்கத் திறந்த பிரிவு என்று ஒன்று இருக்கிறது.

விதி எளிமையானது. புறப்படும்போது ஒரு வரைபடம் தருவார்கள். அதில் முக்கோணம் போட்ட இடத்தில் ஆரம்பம். இரட்டை வட்டம் போட்ட இடத்தில் முடிவு. நடுவே எண்ணிட்ட வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமான ஒரு துணிக்கூண்டு தொங்கும். விரலில் மாட்டிய சிறு மின்னணுக் குச்சியை அங்குள்ள பெட்டியில் செருகினால் 'பீப்' என்று ஒலிக்கும், வந்துபோனது பதிவாகும். எந்த வட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்வார்கள். எப்படிப் போவது என்பது உங்கள் பாடு.

வரைபடத்தைப் படிப்பதே ஒரு மொழிபெயர்ப்பு. அதில் எனக்கு இருபது ஆண்டு அனுபவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. நம் மனதில் பச்சை என்றால் செழிப்பு. இங்கே கரும்பச்சை என்றால் நுழைய முடியாத புதர். வெள்ளை என்றால் காலி இடம் இல்லை. ஓட வசதியான நல்ல காடு. வெட்டவெளிக்கு மஞ்சள். பழுப்புக் கோடுகள் நெருங்கி வந்தால் செங்குத்து, விலகினால் சமவெளி. ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர். தெரிந்த சொல்தானே என்று அகராதியைப் புரட்டாமல் எழுதிவிட்டு மாட்டிக்கொள்வோமே, அதுபோல் பச்சையை நம்பி முட்செடியில் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் தொலைந்த கதைக்கு வருகிறேன். நின்ற இடத்திலேயே நின்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த உத்தி. யாராவது வருவார்கள், கேட்கலாம். டெல்லியில் இருபது ஆண்டுகளாக அப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறேன். மூன்று பேரைக் கேட்டு, இரண்டு பேர் சொல்லும் திசையில் போவேன். இது என் குறை மட்டுமல்ல. நம் மரபே அதுதான். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். போய் வந்தவன் எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான். மலைபடுகடாத்தில் நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தர்களுக்கு, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் முதற்கொண்டு வழியில் உள்ள ஆபத்துகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. மனித வாய்தான் நம் வரைபடம்.

காகித வரைபடம் நமக்கு எட்டாமல் போனதற்கு வேறு காரணமும் உண்டு. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவை 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகில்தான் தொடங்கியது. ஆனால் சுதந்திரம் வந்த பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, எல்லையோர, கடலோரப் பகுதிகளின் விரிவான வரைபடங்கள் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டன. கட்டுப்பாடுகள் பெரிய அளவில் தளர்ந்தது 2021இல்தான். ஸ்வீடனில் நேர் எதிர். ராணுவப் பயிற்சியாகப் பிறந்த விளையாட்டை 1919இல் மேஜர் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் ஸ்டாக்ஹோம் அருகே ஊர் இளைஞர்களின் கையில் கொடுத்தார். வரைபடமும் காடும் எல்லாருக்கும் பொது. அடுத்தவருக்குச் சொந்தமான காட்டிலும் யாரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம். வீட்டு முற்றத்துக்குள் நுழையக்கூடாது, பயிரை மிதிக்கக்கூடாது, அவ்வளவுதான். வழிவழியாக வந்த இந்த உரிமை 1994 முதல் அவர்கள் அரசியல் சட்டத்திலும் இருக்கிறது.

ஒரு வழியாக ஒரு பெரியவர் வந்தார். எண்பது இருக்கும். ஓட்டமும் நடையுமாக வந்தவரை மறித்து வரைபடத்தை நீட்டினேன். "நான் எங்கே இருக்கிறேன்?" அவர் போட்டிப் பிரிவில் ஓடுகிறவர், நின்றால் அவருக்குத்தான் நஷ்டம். நின்றார். விரலால் சுட்டிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டார்: "கடைசியாக எந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது?" யோசித்தேன். இரண்டு ஓடைகள் சேரும் இடம். "அங்கே திரும்பிப் போங்கள். அங்கிருந்து ஆரம்பியுங்கள்." போய்விட்டார்.

திரும்பிப் போனேன். ஓடை கிடைத்தது. அங்கிருந்து காம்பஸ் முள்ளைப் பார்த்து அடி எண்ணிக்கொண்டு நடந்தேன். நூற்றைம்பது மீட்டரில் ஆரஞ்சுக் கூண்டு பல்லைக் காட்டியது. 'பீப்.' எம்.ஏ. பட்டம் வாங்கியபோதுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டேன்.

இத்துடன் முடிந்திருந்தால் இது ஒரு பயணக் குறிப்பு. நடுவில் ஒரு நாள் ஓய்வுக்குப் பின் வந்த கட்டத்தில்தான் வேறு ஒன்று நடந்தது.

அன்று நன்றாகவே போய்க்கொண்டிருந்தேன். சதுப்பைச் சுற்றிக்கொண்டு, புளூபெர்ரிச் செடிகளுக்கு நடுவே ஆறாவது கூண்டைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு ஆணின் மூச்சு. என் கால்கள் நின்றுவிட்டன. வரைபடத்தைச் சுருட்டி இறுகப் பிடித்துக்கொண்டேன். தோள்கள் குறுகின. அந்த விநாடியில் நான் ஸ்வீடனில் இல்லை. மெட்ரோவிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் இரவு ஒன்பது மணியில் இருந்தேன். இருபது வயதுப் பையன் ஒருவன் என்னைத் தாண்டி ஓடினான். என்னைப் பார்க்கவே இல்லை. அவன் கண் தன் வரைபடத்தில் இருந்தது.

ஒரு பாறையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக நான் பயந்தது பாம்புக்கு, உண்ணிக்கு, வழி தவறுவதற்கு என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று உடம்பு சொல்லிவிட்டது. நாற்பத்தாறு வயதில், ஒரு பகல் வேளையில், யார் பார்வையிலும் படாமல், எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல், நானாகத் தேர்ந்தெடுத்த வழியில் அரை மணி நேரம் நடந்தது வாழ்க்கையில் இதுவே முதல் முறை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

தம்பி மகளுக்குப் பன்னிரண்டு வயது. அங்கேயே பிறந்தவள். தன் வயதுப் பிரிவில் காட்டுக்குள் தனியாக ஓடுகிறாள். முதல் நாள் அவள் மரங்களுக்குள் மறைந்ததும், கண் காணாத அந்த நேரம் முழுவதும் முடிவுக் கோட்டருகே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். அவள் அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கூடார வாசலில் குழந்தை கேட்டாள். "அத்தை, ஆறாவதுல ஏன் இருபது நிமிஷம்?" ஒவ்வொரு கூண்டுக்கும் எடுத்த நேரத்தை அச்சடித்துத் தரும் சீட்டு அவள் கையில் இருந்தது. அதனிடமிருந்து எதையும் மறைக்க முடியாது.

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"பின்னாடி ஒருத்தன் ஓடி வந்தான்."

"அதுக்கென்ன? அவன் கன்ட்ரோல் அவன் தேடறான்."

அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. விளக்க வாயெடுத்தேன். அவள் அம்மாவைப் பார்த்தேன். அவள் மெதுவாகத் தலையை அசைத்தாள். வேண்டாம். குழந்தை தூங்கிய பிறகு சொன்னாள்: "இங்கே எல்லாம் சொர்க்கம்னு நினைக்காதீங்க அக்கா. ஸ்டாக்ஹோம்ல ராத்திரி நானும் சாவியை விரலுக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டுதான் நடக்கறேன். அவளுக்கும் ஒருநாள் தெரியும். அதுக்கு முன்னாடி காடு அவளுக்குப் பழகிடட்டும்னுதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த நாட்டிலும் பெண்கள் ஒரே நாளில் காட்டுக்கு வந்துவிடவில்லை. ஆண்கள் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகள் கழித்தே, 1925இல், கோதன்பர்க்கில் பெண்களுக்கான போட்டி நடந்தது. 1966இல் முதல் உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் தனிப் போட்டியை வென்றவர் ஸ்வீடனின் உல்லா லிண்ட்க்விஸ்ட், 1968இலும் அவரே. ஒரு தலைமுறை போய் வந்து அடுத்த தலைமுறைக்கு வழி சொல்லியிருக்கிறது. அதுவும் ஒரு ஆற்றுப்படைதான். நம்மிடமும் விறலியாற்றுப்படை என்று ஒரு துறை இருந்தது. வள்ளலைத் தேடிச் செல்லும் ஆடல் மகளுக்கு வழி சொல்லும் பாட்டு. அவள் நடந்த வழி எங்கே அறுந்தது?

மிச்சக் கட்டங்களையும் முடித்தேன். கடைசி நாளில் போட்டிப் பிரிவினர் அதுவரையிலான மொத்த நேரப்படி ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு புறப்படுவார்கள். முதலில் வருகிறவரே வெற்றியாளர். திறந்த பிரிவில் அந்தப் பரபரப்பு இல்லை. பின்னால் காலடி கேட்டபோதெல்லாம் தோள் குறுகியது. ஆனால் நிற்கவில்லை. அதற்கு மேல் சாதித்ததாகச் சொல்ல மாட்டேன்.

அந்த டிசம்பரில் தம்பி குடும்பம் டெல்லிக்கு வந்தது. ஒரு மாலை தயிர் தீர்ந்துவிட்டது. "நான் போறேன் அத்தை" என்றாள் குழந்தை. பால் பூத் தெருக்கோடியில், இரண்டு திருப்பம் தள்ளி. ஒரு காகிதத்தில் தானே வரைபடம் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு முக்கோணம், கோயிலுக்கு ஒரு வட்டம், பூத்துக்கு இரட்டை வட்டம். ஆறு மணிகூட ஆகவில்லை. குளிர்கால டெல்லியில் அதற்குள் இருட்டு. 2012 டிசம்பருக்குப் பிறகு இந்த ஊரின் இருட்டைச் சாதாரண இருட்டாகப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். வீடு என்னுடையது, தெரு என்னுடையது, முடிவும் என்னுடையது. "போய்ட்டு வா" என்றேன்.

அவள் முதல் திருப்பத்தில் மறைந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, இருபதடி பின்னால், அவளுக்குத் தெரியாமல் நடந்தேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் அவளைத் தாண்டிச் சென்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயிர்ப் பாக்கெட்டுடன் அவள் வீடு திரும்பியபோது எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. குறுக்குச் சந்தில் ஓடி, அவளுக்கு முன்னால் வாசலில் வந்து நின்றிருந்தேன். "எட்டு நிமிஷம்" என்றாள் கடிகாரத்தைப் பார்த்து. "நாளைக்கு இன்னும் வேகமா போவேன்."

மறுநாளும் அனுப்பினேன். மறுநாளும் பின்னால் போனேன். முதல் திருப்பம் வரை மட்டும்.