ஒரு திருத்தம்

அண்மையில் ஓர் இரவு 'பிராஸ்ட் ஆஃப்' என்ற ஆங்கிலப் படத்தை இரண்டாவது முறையாகப் பார்த்தேன். மார்க் ஹெர்மன் இயக்கி 1996இல் வெளிவந்த படம். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கக் கிராமம் ஒன்றில், சுரங்கம் மூடப்படும் வேளையில், தொழிலாளரின் பித்தளை வாத்தியக் குழு போட்டிக்குப் போகிறது. ஊர் கற்பனை, வேர் உண்மை. 1917இல் தொடங்கப்பட்ட கிரைம்தோர்ப் சுரங்கத் தொழிலாளர் வாத்தியக் குழு, தம் சுரங்கம் மூடப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்த சில நாட்களுக்குள், 1992 ஒக்டோபரில், இலண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் தேசியப் பட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. படத்தில் நாம் கேட்பதும் அந்தக் குழுவின் வாசிப்புத்தான்.

படம் முடிந்த பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. அது வெளிவந்த அதே 1996இல் நானும் ஒரு வாத்தியக் குழுவுடன் போட்டிக்குப் போயிருக்கிறேன். அதைப் பற்றி ஒரு செய்தியும் எழுதினேன். அந்தச் செய்தியில் ஒரு பிழை இருந்தது.

அட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்று அது. பெயர் வேண்டாம். இருபத்தாறு பிள்ளைகள், எல்லாரும் லயத்துப் பிள்ளைகள். ட்ரம்பெட்டுகளும் ட்ரொம்போன்களும் பழையவை. வால்வு இறுகினால் தையல் இயந்திரத்து எண்ணெய் விடுவார்கள். வெள்ளைக் காற்சட்டைகளுள் பாதி இரவல். தோட்டத்தில் திருவிழாவென்றாலும் சாவென்றாலும் தப்புத்தான். காலையில் ஆட்களைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்ததும் ஒரு காலத்தில் தப்புத்தான். அந்தப் பிரட்டுத் தப்பை அடித்த ஒரு கிழவரின் பேரன், குழுவில் பெரிய மேளம் வாசித்தான். வயது பதினேழு. தப்படிக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய மேளமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவன் கை விழுந்த பிறகு அவர்கள் பேசவில்லை. அவன் அடிக்காவிட்டால் மற்ற இருபத்தைந்து பேருக்கும் கால் எங்கே வைப்பதென்று தெரியாது.

செப்டெம்பர் மாதம். கொழும்பில் பாடசாலைகளுக்கான பாண்ட் வாத்தியப் போட்டி. அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு, ஜூலையில் தெஹிவளை ரயில் குண்டுவெடிப்பு. தமிழர் ஒருவர் கொழும்புக்குப் பயணம் போவதென்றால் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் காலம். நான் ஒரு தமிழ் நாளிதழில் செய்தியாளன். மலையகப் பிள்ளைகளைப் பற்றி நல்ல செய்தியாக ஒன்று எழுதுவோமே என்று அவர்களுடைய பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டோம். அட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கினிகத்தேனை வழியாகக் கீழே இறங்க இறங்க பிரேக் சூடேறி, பஸ்ஸுக்குள் கருகல் நாற்றம் பரவியது. கித்துல்கலையில் நிறுத்திவிட்டுச் சாரதி சக்கரங்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். பிள்ளைகள் களனி கங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' அந்த ஆற்றங்கரையில்தான் எடுக்கப்பட்டது. படத்துக்காகவே பாலம் கட்டி, ரயிலோடு தகர்த்தார்கள். 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற அந்தப் படத்தில், கைதிகளான பிரித்தானியப் படைவீரர் சீழ்க்கையடித்துக்கொண்டு வரும் மெட்டு 'கேர்ணல் போகி'. 1914இல் றிக்கெற்ஸ் என்ற படைக்குழு இசையதிகாரி அல்போர்ட் என்ற புனைபெயரில் எழுதிய அணிநடை. எங்கள் பிள்ளைகள் போட்டிக்குத் தயார் செய்திருந்ததும் அதையே. இதை நான் சொன்னதும் ஒருவன் சீழ்க்கையடித்தான். பிறகு எல்லாரும். பெரிய மேளக்காரப் பையன் பஸ்ஸின் தகரத்தில் தாளம் போட்டான்.

பாண்ட் மாஸ்டருக்கு வேறு கவலை. பித்தளைக் குழலுக்குள் காற்று சூடேறினால் சுருதி ஏறும். அட்டன் குளிரில் சேர்த்த சுருதி கொழும்பு வெயிலில் நிற்காது. "எறங்குன ஒடன எல்லாரும் சுருதிக் கொழாயக் கொஞ்சம் வெளிய இழுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அன்று எங்களுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து அதுதான் என்று அவரும் நானும் நம்பினோம்.

கொழும்பை நெருங்கும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வாத்தியங்கள் வீதியோரம் வரிசையாக வைக்கப்பட்டன. பெரிய மேளத்தைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பையன் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, தோலை எடுத்து, வெறும் கூட்டைக் காட்டினான். பிறகு அதே நிதானத்துடன் பூட்டி, விரலால் தட்டி, செவி வைத்துக் கேட்டு, ஒரு திருகை மட்டும் இன்னும் அரைச் சுற்று இறுக்கினான். வாசித்துக் காட்டுங்கள் என்றார் பொறுப்பாக நின்றவர். பிள்ளைகள் வீதியோரத்தில் நின்று 'கேர்ணல் போகி' வாசித்தார்கள். காவல் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒருவர் காலால் தாளமும் போட்டார்.

கைதட்டி முடிந்ததும் அடையாள அட்டைகளைக் கேட்டார்கள்.

பதினாறு வயது நிறைந்தவர்கள் ஆறு பேர். ஐந்து பேரிடம் அட்டை இருந்தது. பெரிய மேளக்காரனிடம் அதிபர் தந்த கடிதம் மட்டுமே.

காரணம் அவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. பையனின் தகப்பனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்து இந்தியக் கடவுச்சீட்டும் பெற்றவர். பயண நாளுக்காகக் காத்திருக்கையில், 1984இல், போரினால் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றுவிட்டது. குடும்பம் லயத்திலேயே தங்கிவிட்டது. கடவுச்சீட்டு காலாவதியானது. இலங்கைப் பிரசை அல்லாதவரின் பிள்ளைக்கு இலங்கை அடையாள அட்டை கிடையாது.

இவ்வளவையும் வீதியோரத்தில் நின்று சிங்களத்தில் விளக்க முயன்றேன். கேட்டவர் கொடியவர் அல்லர். முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "அப்படியானால் இவன் எந்த நாட்டுக்காரன்?"

பையன் என் முகத்தைப் பார்த்தான். "என்னா கேக்குறாரு சேர்?"

நான் மொழிபெயர்க்கவில்லை. "அட்டையைக் கேட்கிறார் தம்பி" என்றேன்.

அவனைப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பி, ஊரில் விசாரித்து உறுதி செய்த பிறகே விடுவதென்று முடிவாயிற்று. மற்றவர்கள் போகலாம். துணையாக ஓர் ஆசிரியர் நின்றார். என்னிடம் பத்திரிகையாளர் அட்டை இருந்தது, சிங்களமும் தெரியும். நான் நின்றிருந்தால் இரண்டு மணி நேரம் முன்னதாக அவனை விட்டிருக்கலாம். நான் குழுவோடு போனேன். செய்தி போட்டியில் இருக்கிறது என்று நினைத்தேன்.

பஸ் புறப்படுமுன் அவன் ஓடிவந்து, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியிடம் மேளக் கோல்களைக் கொடுத்தான். அவள் சைட் ட்ரம் வாசிப்பவள். "ரெண்டாவது பாகம் ஆரம்பிக்கிற எடத்துல அவசரப்படாத தங்கச்சி. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே அடி. மத்தவங்கள பாக்காத. அவங்கதான் ஒன்னயப் பாக்கணும்."

மேளம் அவளுடைய இடுப்பிலிருந்து நாடிவரை மறைத்தது. முதற் பாகம் சரியாகவே போயிற்று. இரண்டாவது பாகத்தில் அவள் அவசரப்பட்டாள். ட்ரம்பெட்டுகள் ஒரு பக்கமும் ட்ரொம்போன்கள் ஒரு பக்கமுமாக இழுத்தன. எட்டு அடிகள், பத்து அடிகள் இருக்கலாம். பிறகு அவள் கண்களை மூடிக்கொண்டு மெதுவாக எண்ணி அடிக்க, ஒருவர்பின் ஒருவராக அவளிடம் வந்து சேர்ந்தார்கள். நடுவர்கள் எங்களுக்கு இடம் எதுவும் தரவில்லை.

மாலையில் திரும்பியபோது பையன் பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தான். விட்டுவிட்டார்கள், பஸ்ஸுக்காகக் காத்திருந்தான். ஏறியதும் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. "தாளம் நின்னுச்சா?" என்றுதான் கேட்டான்.

"நீங்க சொன்ன எடத்துலயே அவசரப்பட்டுட்டேண்ணே" என்று அழுதாள் அவள்.

"அப்புறம் புடிச்சிட்டல்ல? அது போதும்."

மறுநாள் செய்தி எழுதினேன். சோதனைச் சாவடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆசிரியர் வெட்டினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அவர் வெட்டவில்லை, நானே எழுதவில்லை. வீண் வம்பு, பிள்ளைகளுக்கும் தொல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பங்குபற்றியோரின் பெயர்களைப் போட்டி நிகழ்ச்சி நிரலிலிருந்து பார்த்து எழுதினேன். அதில் பெரிய மேளத்துக்கு எதிரே அவன் பெயரே இருந்தது. அப்படியே அச்சாயிற்று.

2003ஆம் ஆண்டில் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் அவனை அட்டன் பஸ் நிலையத்தில் கண்டேன். கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். புதிய அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். அது இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த செய்தித்தாள் நறுக்கு ஒன்றும் இருந்தது. என்னுடைய செய்தி.

எனக்கு முகம் சுருங்கிற்று. "தம்பி, அது தவறான செய்தி" என்றேன்.

"தெரியும் சேர்" என்று சிரித்தான். "அம்மாகிட்ட நடந்தத நான் சொல்லவே இல்ல. இதத்தான் காட்டுனேன். லயத்துல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டச் சொன்னாங்க. அவங்க போற வரைக்கும் நான் கொழும்புல மேளம் அடிச்சதாத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தாங்க."

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாளே திருத்தம் போட வேண்டும் என்று பிற்காலத்தில் எத்தனையோ இளைஞருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் போட வேண்டிய திருத்தம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. அந்தத் தாய் இனி இதை வாசிக்கப்போவதில்லை என்பதால் இப்போது எழுதலாம் என நினைக்கிறேன்.

1996 செப்டெம்பரில் கொழும்பில் நடந்த போட்டியில் அந்தத் தோட்டப் பாடசாலைக்காகப் பெரிய மேளம் வாசித்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. செய்தியில் பெயர் வந்த மாணவன் அவ்வேளையில் ஒரு பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். செய்தியாளர் இரண்டையும் அறிவார்.