மாத்திரை புகும் வீடு

எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களுக்கு ஆலோசகராக இருப்பவரின் தொழில் என்ன என்று எவரேனும் கேட்டால், மருந்தைத் தீர்மானிப்பது வைத்தியர் பொறுப்பாகவும், இரத்தத்தைப் பரிசோதிப்பது ஆய்வகத்தார் பொறுப்பாகவும் இருக்க, அந்த மருந்து ஒரு மனிதருடைய வீட்டுக்குள் புகுந்து, ஓர் இடத்தையும் ஒரு வேளையையும் பிடித்துக்கொண்டு, ஆயுட்காலம் முழுவதும் அங்கே நிலைத்திருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் எங்கள் பொறுப்பு என்று சொல்வேன். இது சிறிய காரியம்போலத் தோன்றலாம். ஆனால் அந்த மாத்திரையின் பின்னாலேயே போய்ப் பார்த்தால், அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்களா, பீரோவின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, யாருக்கு எந்த உண்மை மறைக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய வரும். முழுமையான பராமரிப்பு என்று மாநாடுகளில் பேசப்படுவது எனக்கு இந்த வழியாகத்தான் விளங்கிற்று.

1986ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுநீதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டு, இத்தொற்று நம் நாட்டிலும் உண்டு என்பது முதன்முதலாக நிரூபணமான காலத்தில், சிகிச்சை என்று சொல்லத்தக்க ஒன்று இங்கே இல்லை. காசநோயாளிகளுக்காக 1928இல் ஏற்பட்ட தாம்பரம் சானடோரியம், மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்ட எச்.ஐ.வி. நோயாளிகளைத் தொண்ணூறுகளில் சேர்த்துக்கொண்டபோது, வாயெல்லாம் வெண்படலம் படர்ந்தவருக்குக் கஞ்சி புகட்டுவதும், அந்திம காலத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பதுமே பராமரிப்பின் பெரும்பகுதியாக இருந்தது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி அரசாங்கம் கூட்டு மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிற்று. அன்றைய மருந்துகளில் ஒன்றான ஸ்டாவுடின் உயிரைக் காத்ததோடு கன்னத்துச் சதையையும் கரைத்துவிட்டபடியால், பிழைத்தவர்கள் பலர் ஊரார் பார்த்த மாத்திரத்தில் சந்தேகிக்கும் முகத்தோடு நடமாட வேண்டியிருந்தது. இன்றோ டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரே வேளை.

மருந்து இவ்வளவு சுலபமான பிற்பாடு ஆலோசகர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துக் காட்ட விரும்புவேன். அது வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. அசைத்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். பஸ்ஸில் மடிமேல் பையை வைத்துக்கொண்டு வருகிற ஒரு பெண், சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சத்தம் பக்கத்து இருக்கைக்குக் கேட்குமே என்று நடுங்குகிறாள். ஆகையால் உள்ளே பஞ்சை அடைக்கிறாள். மருந்தின் பெயர் அச்சிட்ட காகிதத்தை நகத்தால் சுரண்டுகிறாள். அல்லது, சத்து மாத்திரை டப்பா ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டி வைக்கிறாள். ஈரம் புகாமலிருக்க மருந்தோடு வரும் சிறு பொட்டலத்தை இதற்கிடையில் எறிந்துவிடுகிறாள். எங்கள் மேஜைக்கு வரும் டப்பாவில் பஞ்சு இருந்தால், மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணுவதற்கு முன்னரே, வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை என்று தெரிந்துகொள்கிறேன். பஞ்சை எடுக்கச் சொல்வதில் பிரயோஜனமில்லை. பஞ்சு தேவைப்படாத ஒரு நிலைமையை அந்த வீட்டில் எப்படி உண்டாக்குவது என்பதுதான் விஷயம்.

கேள்வி கேட்பதில்தான் இந்தத் தொழிலின் நுட்பமெல்லாம் இருக்கிறது. “மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், “ஆமாங்க” என்பதைத் தவிர வேறு பதில் வராது, பயந்தவரும் சொல்வார், மாத்திரையைத் தொடாதவரும் சொல்வார். “எந்த இடத்தில் இருக்கும்போது சாப்பிடச் சங்கடமாக இருக்கிறது?” என்று கேட்டால் பேச்சுப் பிறக்கும். எங்கள் நாமக்கல் வட்டாரத்தில் லாரி ஓட்டும் ஒருவர் அதற்குப் பதிலாக, “கிளீனர் பையன் தூங்கினப்புறந்தானுங்க எடுக்க முடியுது, அவன் தூங்காத ராத்திரி விட்டுப்போயிருது” என்றார். ராத்திரியில்தான் சாப்பிட வேண்டும் என்ற நியதி தலைசுற்றலைத் தந்த பழைய மருந்தாகிய எஃபாவிரென்ஸுக்கு உரியது. இப்போதைய மருந்துக்கு அந்தக் கட்டாயமில்லை. தாபாவில் குளிக்க ஒதுங்கும் காலை வேளைக்கு அதை மாற்றிக்கொண்டோம். இன்னொரு கேள்வி, “வயிறு எரிந்தால் என்ன குடிப்பீர்கள்?” என்பது. பெட்டிக்கடையிலோ மருந்துக்கடையிலோ வாங்கிக் குடிக்கும் அமில முறிப்பு மருந்து டோலுடெக்ராவிர் உடம்பில் சேருவதைத் தடுக்கும். அதைக் குடித்தால் 6 மணி நேரம் கழித்தோ, குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்னதாகவோ மாத்திரையைப் போட வேண்டும். ஆகாரமே சரியாக இல்லாத வயிறுதான் எரிகிறது என்பதால், இந்தக் கேள்வி அநேகமாக அரிசிக் கார்டிலும் விதவை உதவித்தொகை விண்ணப்பத்திலும் போய் முடியும்.

பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் விஷயம் மிகவும் கடினமானது. பிறவியிலேயே தொற்றுக்கு ஆளான பேரனை அழைத்து வந்த ஒரு மூதாட்டி, “சளி மாத்திரைன்னே இத்தன நாளும் சொல்லி வச்சிருக்கறனுங்க அம்மிணி, இப்ப சளியே இல்லியே, எனக்கெதுக்குங்கறான்” என்று கண் கலங்கினாள். பையனுக்கு வயது பதினொன்று. அந்த வயதில் உண்மையின் ஒரு பகுதியைச் சொல்லாவிட்டால், பதினைந்தாம் வயதில் அவன் பிறர் வாயிலாக முழுவதையும் கேட்டுவிட்டு, மாத்திரையையும் பாட்டியையும் சேர்த்து வெறுப்பான். உன் இரத்தத்தில் ஒரு கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது, மாத்திரை அதற்குத் தாலாட்டு, ஒரு நாள் நிறுத்தினால் விழிக்கப் பார்க்கும் என்று அன்றைக்குச் சொன்னோம். கிருமியின் பெயரை அவன் கேட்கவில்லை. கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று பாட்டியைத் தயார்செய்தோம். அந்தத் தயாரிப்புக்குத்தான் மாதக்கணக்கில் காலம் பிடித்தது. ஏனென்றால், பெயரைச் சொன்னால் மகன் எப்படி இறந்தான் என்பதையும் அவள் சொல்லியாக வேண்டும்.

மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்து, அப்படியே நீடிப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் மூலம் துணைக்குத் தொற்று பரவாது. விஞ்ஞானம் ஐயமறத் தெளிந்திருக்கும் இந்தச் செய்தியைத் தம்பதிகளுக்குச் சொல்லாமல் விடும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். சொன்னால் அஜாக்கிரதையாகிவிடுவார்கள் என்பது அவர்களது அபிப்பிராயம். அது பெரும் அநீதி என்றே கருதுகிறேன். வருஷக்கணக்காகத் தன்னை விஷம் என்று எண்ணி, மனைவி படுத்த பாயை விட்டு விலகித் திண்ணையில் படுத்திருந்தவருக்கு, அந்த வாக்கியத்தைவிடப் பெரிய மருந்து எங்களிடம் வேறெதுவும் இல்லை. அவ்வாறே, இத்தொற்றுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைக் காட்டிலும் சுமார் 6 மடங்கு என்று அறிந்திருந்தும், மாத்திரையை மட்டும் எண்ணிக் கொடுத்து அனுப்புவதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது.

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் வேலை, கல்வி, வைத்தியம் எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது; இசைவின்றிப் பரிசோதிப்பதையும் ரகசியத்தை வெளியிடுவதையும் தடுக்கிறது. 12 வயது நிரம்பி, குடும்பப் பாரத்தைச் சுமக்கும் மூத்த பிள்ளையே தம்பி தங்கைகளுக்குக் காப்பாளராக இருந்து பள்ளியில் சேர்க்கலாம் என்றும் அதில் ஒரு விதி உண்டு. அதை எழுதியவர்கள் இந்த வீடுகளை நன்றாகப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். அப்படியிருந்தும், பிரசவத்துக்குப் போன ஒரு பெண்ணின் கேஸ் சீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி சிவப்பு மையால் எழுதிய ஓர் ஆஸ்பத்திரியோடு நாங்கள் வாதாட வேண்டித்தான் இருந்தது.

கூட்டு மருந்து வந்த தொடக்கத்தில் நாற்பது வயதில் சிகிச்சை தொடங்கியவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மற்றவர்களைப்போல அவர்களுக்கும் வந்திருக்கின்றன. அதற்கான மாத்திரைகளை மருமகள் எடுத்துக் கொடுக்கிறாள், இதை மட்டும் அவர்களே அரிசிப் பானைக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். மறதி தலைகாட்டும் வயதாகிவிட்டபடியால், அந்தப் பானைக்குள் கைவிட இன்னொருவருக்கு அனுமதி கொடுத்தாக வேண்டும். மகளிடம் சொல்வதா, மருமகளிடம் சொல்வதா, அண்டை ஊரில் இருக்கும் மற்றொரு தொற்றாளரைத் தினமும் போனில் கூப்பிட்டு நினைவூட்டச் செய்வதா என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து இந்த மாதங்களில் ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலோர் மருமகளைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.