மழை நின்றதும் வா



விசுவாச வாழ்க்கையை ஓட்டப்பந்தயத்துக்கு ஒப்பிட்டுப் பேசுவது நமக்குப் பழக்கமானது. அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை வைத்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் எல்லாம் ஓடுகிறவனைக் குறித்தே பேசுகிறோம். இந்த வாரம், ஓட்டத்தை நிறுத்திவைக்கிறவர்களைக் குறித்துச் சிறிது தியானிப்போம்.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னையில் ஃபார்முலா 4 கார் பந்தயம் நடைபெற்றதை அறிவீர்கள். தீவுத்திடலைச் சுற்றியுள்ள கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை ஆகிய பொதுச்சாலைகளையே தடமாக்கியிருந்தார்கள். மூன்றரை கிலோமீட்டர் நீளம், 19 திருப்பங்கள். நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் ஆசையாய்க் கேட்டுக்கொண்டதன்பேரில், சனிக்கிழமை காலையில் ஒரு வேனில் இரும்பையிலிருந்து புறப்பட்டோம். ஞாயிறு ஆராதனை இருந்தபடியால் அன்றிரவே திரும்பிவிடுவது என்று ஏற்பாடு.

அந்தப் பந்தயத்துக்கு மழை புதிதன்று. 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் நடக்கவேண்டியதை மிக்ஜாம் புயல் வெள்ளம் தள்ளிவைத்தது. எட்டு மாதங்களுக்குப் பின் மறுபடியும் நாள் குறித்தார்கள். அந்தச் சனிக்கிழமையும் பிற்பகலில் கனமழை கொட்டியது. சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பாகிய எஃப்.ஐ.ஏ. தடத்தைச் சோதித்துப் பாதுகாப்புச் சான்று வழங்கினால்தான் பந்தயக் கார்கள் அதில் இறங்கலாம். அந்தச் சான்றும் வரவில்லை. மேடைகள் ஆயத்தம், டிக்கெட் வாங்கிய ஜனங்கள் நனைந்தபடி காத்திருக்கிறார்கள், தொடங்கிவைக்க அமைச்சர் வருகிறார். ஆனாலும் சான்று கைக்கு வரும்வரை பந்தயக் கார் ஒன்றும் அசையவில்லை.

மழை ஓய்ந்தபின் நம் பிள்ளைகளில் ஒருவன் என்னிடம், "ஐயா, மழைதான் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு நிறுத்தி வச்சிருக்காங்க?" என்று சலித்துக்கொண்டான். அவனுக்கு விடை சொன்னவன், திண்டிவனத்தில் மெக்கானிக் வேலை பார்க்கும் மற்றொரு தம்பி. காய்ந்த தடத்தில் ஓடும் பந்தய டயர் வழுவழுப்பானது; அதில் வரிப்பள்ளங்கள் இல்லை. நீர் தேங்கிய சாலையில் அது தரையைத் தொடாமல் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடும்; அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பயன்படாது. ஆகவே மழைக்கென்று வரிப்பள்ளங்கள் கொண்ட வேறு டயர் உண்டு. ஃபார்முலா 1 காரில் பூட்டும் கனமழை டயர் ஒன்று, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும் என்கிறார்கள். ஏறக்குறைய ஆறு குடம்! அவ்வளவு நீரும் புகைபோல் எழுந்து பின்னால் வருகிறவனின் கண்ணை மறைக்கும். முன்னே செல்கிறவனுக்காவது பாதை தெரியும். பின்னே வருகிறவனுக்கு, முந்தின காரின் சிவப்பு விளக்கு ஒன்றுதான் அடையாளம்.

நிறுத்திவைக்கும் இந்த ஒழுங்கு எளிதில் வந்ததன்று. 2014இல் ஜப்பானின் சுசுகா தடத்தில், மழையில் நடந்த பந்தயத்தில் ஜூல்ஸ் பியாங்கி என்னும் இளம் வீரர், விபத்துக்குள்ளான வேறொரு காரை அகற்ற வந்திருந்த இயந்திரத்தில் மோதி, மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்து மறுவருடம் மரித்தார். ஆபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் ஒருசேர வேகம் தணிக்கச் செய்யும் புதிய முறை அதன்பின்தான் நடைமுறைக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஜனங்கள் மழையில் மணிக்கணக்காய்க் காத்திருந்தார்கள். பாதுகாப்புக் காரின் பின்னால் சில சுற்றுகள் ஊர்ந்ததோடு பந்தயம் முடிந்தது. ஏமாற்றம் பெரிது. ஆயினும் எல்லா வீரர்களும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

வேதத்தில் அப்போஸ்தலருடைய நடபடிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கிரேத்தா தீவின் நல்ல துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. பயணத்துக்கேற்ற காலம் கடந்துவிட்டது. இனிப் போனால் சேதம் வரும் என்று பவுல் எச்சரிக்கிறார். ஆனால் அவர் கைதி. நூற்றுக்கு அதிபதியோ மாலுமியையும் கப்பல் எஜமானையும் நம்புகிறான். பெரும்பாலோரும் புறப்படலாம் என்கிறார்கள். அப்போது தென்றல் மெதுவாய் வீசுகிறது. "மழைதான் விட்டுடுச்சே" என்று நம் தம்பி சொன்னதுபோலத்தான் அவர்களும் நினைத்திருப்பார்கள். பின்பு வந்தது யூரோக்கிலித்தோன் என்னும் கடுங்காற்று. தேவ கிருபையால் 276 பேரும் பிழைத்தார்கள், கப்பல் உடைந்துபோயிற்று. நிறுத்தச் சொல்லும் சத்தம் அந்தக் கப்பலில் இருந்தது. அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

பிரியமானவர்களே, சென்ற கார்த்திகையில் நம் சபை வாலிபன் ஒருவனை அடக்கம் செய்தோம். பெயரை எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். மழை இரவில் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவன். சில வாரங்கள் கழித்து அவன் தாயார் அவனுடைய கைப்பேசியை என்னிடம் காட்டினார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஏழு அழைப்புகள். சில வேலை செய்த இடத்திலிருந்து, சில வீட்டிலிருந்து. எல்லாம் "எங்கே வர்றே?" என்று கேட்கத்தான். "மழை நின்னதும் வாப்பான்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே, ஐயா" என்றார்கள். அந்தத் தாயை யாரும் குறைசொல்ல வேண்டாம், அன்பினாலேயே அழைத்தார்கள். இதை உங்களுக்கு எழுதும்படி கேட்டுக்கொண்டதும் அவர்களே.

அன்றிரவு ஒருவழியாய்ச் சான்று வந்தது. பயிற்சி ஓட்டத்தில் சில கார்கள் மின்னலாய்ப் பாய்ந்ததை மட்டும் கண்டு, ஈரச் சாலையில் நிதானமாய் ஊர் திரும்பினோம். மறுநாள் நடந்த பந்தயங்களைப் பிள்ளைகள் கைப்பேசியில்தான் பார்த்தார்கள். இத்தனை பணமும் பெருமையும் சேர்ந்த ஒரு விழா ஒரு தாளுக்காகக் காத்திருக்கக் கூடுமானால், நம் வீட்டுச் சாப்பாட்டு வேளை காத்திருக்கக் கூடாதா?

ஐப்பசி நெருங்குகிறது. நம் இரும்பைப் பகுதியில் செம்மண் கரைந்து தார்ச்சாலையில் படியும் வளைவுகளை அறிவீர்கள். பெற்றோரே, மழைநாளில் பிள்ளையை அழைத்தால், "எங்காவது ஒதுங்கி நின்று, மழை நின்றதும் வா" என்று சொல்லுங்கள். கடையோ பட்டறையோ வைத்திருக்கும் சகோதரரே, உங்களிடம் வேலை செய்கிற பிள்ளைக்கும் அப்படியே சொல்லுங்கள். வாலிபரே, முந்திச் செல்கிற நண்பனைத் துரத்தாதேயுங்கள். நம் புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு மழையால் பிந்தி வருகிறவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். கனமழையானால் அவரவர் வீட்டிலேயே ஜெபியுங்கள். அந்த ஜெபத்தையும் தேவன் கேட்பார்.

பரம பிதாவே, எங்கள் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காத்தருளும். அவர்களுக்கு நிற்கும் தைரியத்தையும், எங்களுக்குக் காத்திருக்கும் பொறுமையையும் தாரும். ஆமென்.