ஒரு மங்கு அளவு

மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பும் நாளை நாம் பெரிதாகக் கருதுகிறோம். உறவினர் கூடுவர், ஆரத்தி எடுப்பதும் உண்டு. அவர் மீண்டும் வேலைக்குச் செல்லும் நாளுக்கு அத்தகைய சிறப்பு எதுவும் இல்லை. எழுந்து நடமாடிவிட்டார், இனி என்ன என்பதே பொதுவான எண்ணம். உடல் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டு, நான்கு வார விடுப்புக்குப் பின் பாகான் செராய் வட்டாரத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிக்கு நான் திரும்பியபோது, அந்த இரண்டாம் திரும்புதலே கடினமாக இருந்தது. அந்த நாள்களைப் பற்றி ஆசிரிய நண்பர்களுக்கும், நாளை ஆசிரியராக வரவிருக்கும் மாணவர்களுக்கும் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

அறுவைக்கு முன் என் எடை 108 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர். எட்டு ஆண்டுகளாக நீரிழிவு. ஒரு பாடவேளை முழுதும் நின்று கற்பித்தால் முழங்கால் மறுநாள் வரையில் வலிக்கும். உணவைக் குறைத்தும் நடைப்பயிற்சி செய்தும் இருமுறை பதினைந்து கிலோ வரையில் குறைத்தேன். இருமுறையும் போன எடை போன வழியே திரும்பி வந்தது. வரும்போது துணைக்கு இன்னும் இரண்டு கிலோவை அழைத்துக்கொண்டும் வந்தது.

கிரியான் மாவட்டத்தின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு விந்தை புலப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் இந்தப் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தது கரும்புத் தோட்டங்களுக்கே. ரப்பர் பிறகுதான் வந்தது. கடலோரத்தில் கோல கூலா என்று ஓர் ஊர் இருக்கிறது. கூலா என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சர்க்கரை என்று பொருள். 1906இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தோடு கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி, இம்மாவட்டம் நெல்வயல்களுக்குப் பெயர் பெற்றது. 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிக்கப்பட்டது. கரும்பு மறைந்து ரப்பர் தழைத்தது. பின்னர் ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. சர்க்கரையும் சோறும் விளைந்த மண் எங்களுடையது. வெயிலில் கரும்பு வெட்டிய முன்னோர் அச்சர்க்கரையை வயிறார உண்டிருக்க வழியில்லை. வெட்டாத நாங்கள்தாம் இன்று அதை மூன்று வேளையும் தேநீரில் கரைத்துக் குடிக்கிறோம்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நாளொன்றுக்கு நானூறு மரங்களுக்குக் குறையாமல் வெட்டி, பாலை எடுத்துச் சுமந்து வந்து, பகலில் ஒரு தட்டுச் சோற்றை மலைபோல் குவித்து உண்பார். அந்தச் சோறு மறுநாள் காலைக்குள் மரங்களுக்கிடையே எரிந்து போய்விடும். தட்டின் அளவு மட்டும் எங்கள் வீட்டில் தலைமுறை தாண்டி வந்துவிட்டது, மரங்கள் வரவில்லை. இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. நாடு தழுவிய சுகாதார ஆய்வின்படி, 2011இல் மலேசியப் பெரியவர்களுள் நூற்றுக்கு 44.5 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். 2023இல் அது 54.4 ஆக உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு ஆய்வு, நீரிழிவு நாட்டின் பேரினங்களுள் இந்தியரிடையேதான் மிகுதி என்று காட்டியது.

அறுவை முறையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் மெலிந்துபோவதைக் கண்டு, 1966இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் பருமனுக்கென்றே ஓர் அறுவை முறையைத் தொடங்கினார். எனக்குச் செய்தது பின்னாளில் பரவிய வேறொரு முறை. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒரு குழலாக விட்டுவைப்பார்கள். தொடக்கத்தில் அதன் கொள்ளளவு நூறு, நூற்றைம்பது மில்லிலிட்டர்தான். அகற்றப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீர் மிகுதியாகச் சுரக்கிறது. அதனை 1999இல் கண்டறிந்தவர்கள் கோஜிமா, கங்காவா என்னும் ஜப்பானிய அறிஞர்கள்.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை முனிவர் உண்ணும் நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட, அவர் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப்பசி அவளைப் பற்றிக்கொள்கிறது. மலைமலையாக உண்டாலும் அடங்காத அப்பசி, மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால் தணிகிறது. பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்தபோது கற்பனை என்றே எண்ணினேன். உண்டபின்னும் பசிக்கும் உடம்பு ஒன்று உண்டு என்பதும், அந்தப் பசி மன உறுதிக் குறைவினால் வருவதன்று என்பதும், சாத்தனார் எவ்வளவு கூர்ந்து மனிதரைக் கண்டிருக்கிறார் என்பதும் எனக்கு விளங்கியது, என் இரைப்பை சிறுத்த மறுவாரம். நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாக, பசியில்லாமல் ஒரு காலைப்பொழுது கழிந்தது. வீட்டில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த வானொலியை யாரோ நிறுத்தியது போல் இருந்தது.

பள்ளிக்குத் திரும்பியபோது கூழான உணவைக் கடந்து மென்மையான உணவுக்கு வந்திருந்தேன். பாதி வேகவைத்த முட்டை, மசித்த மீன், பருப்பு, தௌஃபூ. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, மூன்று தேக்கரண்டி உணவை உண்டு முடிக்க அரைமணி நேரம் ஆகும். எங்கள் பள்ளியில் ஓய்வுநேரம் இருபது நிமிடம். அதிலும் ஆசிரியருக்கு முழு இருபது நிமிடம் கிடைக்கும் என்று நம்புகிறவர் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்திருக்க முடியாது. ஒருவன் விழுந்திருப்பான், ஒருத்தி அழுதுகொண்டு வருவாள். அவசரமாக விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் சிக்கியது போன்ற வலி. ஆகவே மூன்று தேக்கரண்டியை இரண்டாகப் பிரித்து, பாதியை ஓய்வு நேரத்திலும், மீதியைப் பாடமில்லாத வேளையிலும் உண்டேன்.

உணவைவிடத் தண்ணீரே பெரும் சிக்கல். உண்ணும்போது குடிக்கக் கூடாது. உண்டு அரைமணி கழித்தே குடிக்கலாம். ஒரே மூச்சில் குடிக்கவும் இயலாது. மிடறு மிடறாக நாளெல்லாம் பருகி ஒன்றரை லிட்டரை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உடலில் நீர் வற்றித் தலை சுற்றும். இந்த அறுவைக்குப் பின் மருத்துவமனைக்குத் திரும்ப நேர்கிறவர்களில் பலர் நீர் வற்றியே திரும்புகின்றனர். ஆசிரியர் தொழிலோ பேசும் தொழில். மூன்று பாடவேளை தொண்டை வறளப் பேசிவிட்டு, ஒரு குவளை நீரை மடமடவென்று குடிப்பதுதான் இருபத்துமூன்று ஆண்டுகளாக என் வழக்கம்.

என் வகுப்பில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். சற்றுப் பருத்த உடம்பு. மற்றவர்கள் அவனை 'யானை' என்று அழைப்பதை நான் பலமுறை கண்டித்திருக்கிறேன். என் முன்னே அடங்கும், திடலில் மீண்டும் கேட்கும். நான் திரும்பிய முதல் நாள், மேசைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியைப் பார்த்து, எதற்கு டீச்சர் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டவன் அவன். காரணத்தை வகுப்புக்கே சொன்னேன். மறுநாள் அவன் ஒரு மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்து, புட்டியின்மேல் கோடுகள் இழுத்து, ஒவ்வொரு கோட்டுக்கும் எதிரே பாடவேளையின் எண்ணை எழுதினான். அன்றிலிருந்து நான் கோட்டைத் தாண்டாவிட்டால், பின்வரிசையிலிருந்து "டீச்சர், தண்ணி" என்று ஒரு குரல் வரும். கணிதத்தில் அளவைகள் என்னும் பாடத்தை அவ்வளவு ஈடுபாட்டோடு அவன் வேறெப்போதும் செய்ததில்லை.

ஒருநாள் எல்லாரும் போனபின், "நானும் இந்த ஆப்பரேசன் செஞ்சுக்கலாமா டீச்சர்?" என்று கேட்டான். வளரும் பிள்ளைக்கு இது வழியன்று, உனக்கு ஓட்டமும் பந்தும் இருக்கின்றன என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. திடலில் அவனை 'யானை' என்றவர்களைத் தனித்தனியாக அழைத்துப் பேசினேன்; அது ஒரே நாளில் முடிகிற வேலையன்று.

ஆசிரியர் அறை வேறு வகையான சோதனை. செய்தியை மறைத்துப் பித்தப்பையில் கல் என்று சொல்லிவிடலாம் எனத் தோழி ஒருவர் அறிவுரை கூறியிருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன். ஓரிருவர் முகத்தில் இரக்கமும், ஓரிருவர் முகத்தில் இளக்காரமும் தெரிந்தன. மூத்த ஆசிரியர் ஒருவர், "வாயைக் கட்டினால் போதாதா அம்மா? இதற்குப் போய்க் கத்தியா? குறுக்கு வழியாக அல்லவா இருக்கிறது?" என்றார். கண்புரைக்குக் கத்தி வைத்துக்கொண்டவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. உயிருள்ள மட்டும் வைட்டமின் மாத்திரை, ஆண்டுதோறும் இரத்தச் சோதனை, நான்காம் மாதத்தில் கைநிறைய உதிரும் தலைமயிர், கவனம் தவறினால் திரும்பி வரும் எடை, இவையெல்லாம் குறுக்கு வழியில் இருக்கின்றன என்றால் நேர்வழி எப்படி இருக்குமோ தெரியவில்லை. அதை அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

இளக்காரத்தைத் தாங்கலாம், அன்பைத் தாங்குவது கடினம். நம்மவர் அன்பு கையில் தட்டோடுதான் வரும். பிறந்தநாள் என்றால் கேக், வீட்டில் விசேடம் என்றால் வடை, ஒன்றும் இல்லையென்றால் நாசி லெமாக் பொட்டலம். "ஒரு வாய்தானே" என்று நீட்டும் கையை மறுப்பது நம் பண்பாட்டில் அந்தக் கையையே மறுப்பது போன்றது. பள்ளிப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கலை இரண்டு கரண்டி ஊட்டியே தீருவேன் என்று நின்றார் ஓர் இளம் ஆசிரியை. சிறுத்த இரைப்பையிலிருந்து சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கினால் குளிர்ந்த வியர்வையும் படபடப்பும் வரும் என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் முகம் வாடியது. பொங்கலை வேண்டாம் என்றதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் அந்த வாட்டம் இரண்டு நாள் என் கண்முன் நின்றது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நாம் அளவறிந்து உண்பதற்குச் சான்றாகவே பெரிதும் எடுத்துக்காட்டுகிறோம். அதன் கடைசிக் குறளை நான் மீண்டும் பார்த்தது இக்காலத்தில்தான். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர் எனப் பகுத்து, அந்த நான்காமவரையும் வள்ளுவர் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே வைக்கிறார். மருத்துவமனைக்கு வெளியே, வேலையிடத்தில், அந்த நான்காமவர் யார்? என் உடற்கல்விப் பாடவேளைகளை ஆறு வாரத்துக்கு வேறொருவருக்கு மாற்றித் தந்த தலைமையாசிரியர். கனமான எதையும் தூக்கக் கூடாது என்றறிந்து முப்பத்தெட்டுக் கட்டுரை ஏடுகளை நான் கேளாமலே சுமந்து சென்ற பெண்பிள்ளைகள். பதினொரு மணிக்குமேல் கால்கள் துவண்டபோது, "நீங்கள் உட்காருங்கள்" என்று என் வகுப்பைத் தம் வகுப்போடு சேர்த்துக்கொண்ட பக்கத்து வகுப்பு ஆசிரியர். இவர்களுள் ஒருவரும் இதைப் பெரிய உதவியாகக் கருதியிருக்க மாட்டார்கள். இவர்கள் இல்லாதிருந்தால் இரண்டாம் வாரத்திலேயே மீண்டும் விடுப்பு எழுதியிருப்பேன்.

தாயாருக்குத்தான் இது புரிய நெடுநாள் ஆயிற்று. மகள் உண்ணும் அளவைக் கண்டு முதல் வாரம் கண் கலங்கினார். "நாங்க வெட்டுன மரத்துக்கு ஒரு மங்கு பால் கிடைக்கும். நீ அதுகூடச் சாப்பிட மாட்டேங்கிறியேம்மா" என்றார். பால் வடியும் கிண்ணத்தை மங்கு என்பது எங்கள் தோட்ட வழக்கு. பிறகு ஒருநாள், பழைய பொருள்களுக்கிடையே கிடந்த பீங்கான் மங்கு ஒன்றைத் தேடியெடுத்துக் கழுவி வெந்நீரில் வேகவைத்து, அதில் பாதிவரை பருப்பும் மீனும் மசித்து என் முன் வைத்தார். அன்றிலிருந்து அவருக்கு அளவு பிடிபட்டுவிட்டது. இரண்டாம் முறை போடவா என்று கேட்பதையும் விட்டுவிட்டார். தாம் உண்ணும் தட்டையும் சிறியதாக மாற்றிக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஓராண்டில் என் எடை 74 கிலோவுக்கு இறங்கியது. நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்தினார். மற்றொன்று இன்னும் தொடர்கிறது. இரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தவர், இனிப் பிடிக்கத் துணியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தையில் பார்க்கிறவர்கள், "சக்கரையா டீச்சர்? இப்படி இளைச்சுட்டீங்களே" என்று கவலையோடு கேட்கிறார்கள். பருத்திருந்த எட்டு ஆண்டுகளாக உண்மையிலேயே சர்க்கரை இருந்தபோது ஒருவரும் கேட்டதில்லை.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையார் இப்போது எனக்கென்று ஒரு சிறு கிண்ணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே, முள் நீக்கிய மீனும் ஒரு கரண்டிப் பருப்பும் அதில் ஆறிக்கொண்டிருக்கும். அதற்கு அவர் பணம் வாங்க மறுக்கிறார். நான் முழு விலையையும் வைத்துவிட்டு வருகிறேன். மாலையில் அந்தப் பணம் ஏதேனும் ஒரு மாணவன் கையில் எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது.